கீழ்வீட்டார்

பாரிஸ்
4 மார்ச் 1973

அன்புள்ள தங்கை லியோந்தினுக்கு,

கல்லீரலைத் தவிர மற்றதெல்லாம் நலம். டாக்டர் வெண்ணெயை நிறுத்தச் சொன்னார். நான் டாக்டரை நிறுத்திவிட்டேன். உன் அண்ணி ஓதிலுக்கு வழக்கமான தலைவலி. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த ஆற்றங்கரை ஈரத்தில் அது தேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஈரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமும்.

லியோன் நகரில் கர்ராஸ் என்று ஒருவர் ஓட்டல்கள் நடத்துகிறார். அடுத்ததை ரோன் நதியைப் பார்த்தபடி கட்ட ஆசைப்படுகிறார். நம் வீடு அவருக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், நம் வீட்டை இடித்தபின் மிஞ்சும் இடம் பிடித்திருக்கிறது. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. வீடு உனக்குப் பாதி, எனக்குப் பாதி. பங்குதாரரில் ஒருவர் விற்க நினைத்தால் மற்றவர் என்றென்றைக்கும் தடுத்துக்கொண்டிருக்க முடியாது என்று நம் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உடன்பிறந்தவளுக்குச் சட்டத்தை நினைவூட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆகவே ஒரே ஒரு முறை நினைவூட்டுகிறேன்.

உன்னைத் தெருவில் விட்டுவிடுவேன் என்று எண்ணாதே. மேட்டுத் தெருவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் விசாரித்துவிட்டேன். அறைச் சன்னல் மதிலைப் பார்த்து இருக்கும். ஆகவே ஈரம் இல்லை. உன் வயதில் ஒரு பெண்ணுக்கு ஆறு எதற்கு?

வெரான்ஸ் ஊரில் உன்னைப் பிடித்துவைக்க என்ன இருக்கிறது என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். ரோமானியர் அங்கே நாடக அரங்கம், குளியல் மண்டபம், சட்டம், சாக்கடை எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரம் வருடத்தில் ஊர்மக்கள் சாக்கடையை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

மே மாதம் கர்ராஸின் பொறியாளர் வருவார். நல்ல காபியாகக் கொடு.

உன் நலம் நாடும் அண்ணன்,
எவரிஸ்த்
தலைவர், ரோமானியத் தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம்


வெரான்ஸ்
19 மார்ச் 1973

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. கல்லீரலைப் பார்த்துக்கொள். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. இறங்கும்போது மௌனமாக இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே பதவியையும் எழுதியிருந்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் எந்த எவரிஸ்த் என்று குழம்பியிருப்பேன்.

சட்டம் தெளிவாக இருப்பதால் நானும் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. அம்மாவை இங்கேதான் கடைசிவரை பார்த்துக்கொண்டேன். காலையில் மாடிச் சன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிறது. அதற்குமேல் காரணம் என்னிடம் இல்லை. இது போதாது என்று உனக்குத் தோன்றும் என்பதும் தெரியும்.

கர்ராஸின் ஆள் ஒருவர் முன்னோட்டமாக வந்து போனார். சுவரைத் தட்டினார், உத்தரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். நிலவறையைத் தோண்டிக் கார் நிறுத்தப்போகிறார்களாம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். நிலக்கரி என்றேன். நிலக்கரிக்குக் கீழே என்ன என்று அவர் கேட்கவில்லை.

நீ கேட்பாய். கீழ்வீட்டார் நலம். போன வாரம் கரியை ஒதுக்கி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். சிறுவயதில் அப்பாவுக்குத் தெரியாமல் நாம் பார்த்த அதே கடல்தெய்வம். சின்னச் சின்னக் கல்லாகப் பதித்த அந்தத் தாடியில் ஒரு கல் உதிரவில்லை. இத்தனை வருடம் நம் குடும்பத்தின் கரியைச் சுமந்தும் முகத்தில் அந்த அலட்சியம் குறையவில்லை. உன்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

இங்கே வழக்கம் மாறவில்லை. யார் வீட்டுக்குக் கீழே எந்த ரோமானியர் இருக்கிறார் என்பது அரசாங்கத்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பேக்கரி கொலோம்ப் அம்மாள் காலையில், "உங்க கீழ்வீட்டார் சௌக்கியமா?" என்றுதான் ரொட்டியை நீட்டுகிறாள். அவளுடைய அடுப்புக்கு அடியில் ஒரு தூண் படுத்திருக்கிறது. வெளியே சொன்னால் லியோனிலிருந்து அதிகாரிகள் வந்து எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, வருடக்கணக்கில் தூரிகையால் மண்ணைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அதனால் யாராவது அஸ்திவாரம் தோண்டும்போது ரோமாபுரி தட்டுப்பட்டால், அடுத்த ஞாயிறு பூசை நேரத்தில் கொத்தனார் பதிஸ்தன் சிமெண்டுக் கலவை இயந்திரத்தோடு வந்துவிடுகிறார். அன்று மட்டும் பாதிரியார் மணியைச் சற்று நீட்டி அடிக்கச் சொல்வார். மணிச்சத்தம் நீண்டால், யார் வீட்டிலோ ஒரு சாம்ராஜ்யம் அடங்கியது என்று ஊர் சிலுவைக்குறி போட்டுக்கொள்ளும்.

ஆகவே கேட்கிறேன். நம் கீழ்வீட்டாரை என்ன செய்வது?

ஓதிலுக்கு என் அன்பு. தலைவலிக்கு அவளும் டாக்டரை நிறுத்திப் பார்க்கலாம்.

உன் தங்கை,
லியோந்தின்


பாரிஸ்
2 ஏப்ரல் 1973

அன்புள்ள லியோந்தின்,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலமே என்று கொள்கிறேன். கேலி எழுதும் அளவுக்கு இருக்கிறாய்.

நீ கேட்ட விஷயம். நிலவறையின் தரை சமமாக இல்லை என்று நினைவு. சமமில்லாத தரை வாங்குகிறவரின் மனத்தைச் சஞ்சலப்படுத்தும். பொறியாளர் வருவதற்குள் அது சமமாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது. பதிஸ்தனுக்குத் தரையைச் சமப்படுத்துவதில் அனுபவம் உண்டு. இதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை. நான் எதையும் எழுதவும் இல்லை.

என் நிலைமையை நீ புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சங்கத்தில் இரு நீதிபதிகளும் ஓர் ஆயரும் இருக்கிறார்கள். இதில் என் பெயர் எந்த விதத்திலும் இழுபடக் கூடாது.

போன மாதம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நான் ஆற்றிய உரை அச்சாகியிருக்கிறது. ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். முகப்பில் இருப்பது என் புகைப்படம். ஊரில் படிக்கத் தெரிந்தவர் எவராவது இருந்தால் காட்டு.

அன்புடன்,
எவரிஸ்த்


வெரான்ஸ்
20 ஏப்ரல் 1973

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் ஓதிலும் நலமா? ஆறு இந்த வாரம் படித்துறையின் கடைசிப் படிவரை ஏறிவிட்டு, மனம் மாறி இறங்கிவிட்டது.

உன் உரை கிடைத்தது. புகைப்படத்தில் கல்லீரல் தெரியவில்லை; நன்றாக இருக்கிறாய். சமையலறையில் பதிஸ்தனை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டினேன். ‘பூமிக்கடியில் உறங்கும் ஒவ்வொரு கல்லும் நம் தாய். தாயின் முகத்தில் காரை பூசுகிறவனை எந்தப் பெயரால் அழைப்பது?’ என்ற இடம் வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"என்னைத்தான் சொல்றாரா, மத்மசேல்?"

"பேர் போடல."

"பெரிய மனுஷன், பேர் போடாம திட்டறார். சரி, இப்ப பூசணுங்கிறாரா, வேணாங்கிறாரா?"

"ரெண்டும்."

"அதுக்கு மேயர் தேவலாம். அவரு கராஜ் கட்டினப்ப ஒரு குளியல் மண்டபமே உள்ள போச்சு. ஈயக் குழாய், பளிங்குத் தொட்டி, எல்லாம் முழுசா. மனுஷன் குழிக்குள்ள பாத்துக் கண்ணீர் விட்டுட்டார்."

"தாய்னு நெனச்சா?"

"இல்ல. கார் ஒரு வாரம் வெளிய நிக்கணுமேன்னு."

அண்ணா, இப்போது என்னிடம் உன்னுடைய இரண்டு தாள்கள் இருக்கின்றன. கையால் எழுதியது தரையைச் சமப்படுத்து என்கிறது. அச்சிட்டது தாயைக் காப்பாற்று என்கிறது. நான் உன் அளவுக்குப் படித்தவள் அல்ல. அச்சிட்டதில் உன் படம் இருப்பதால் அதற்குத்தான் அதிகாரம் கூடுதலோ என்று தோன்றுகிறது. எதன்படி நடப்பது?

பதிலை எதிர்பார்க்கும்,
லியோந்தின்


பாரிஸ்
26 ஏப்ரல் 1973

லியோந்தின்,

நலம். அச்சிட்டது பொதுமக்களுக்கு. நீ பொதுமக்கள் அல்ல, என் தங்கை. தரையைச் சமப்படுத்து.

எ.


பாரிஸ்
29 மே 1973

அன்புள்ள லியோந்தின்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கர்ராஸின் பொறியாளர் வந்துபோனதாகவும், ‘நிலவறைச் சாவி தொலைந்துவிட்டது’ என்று நீ அவரைத் திருப்பி அனுப்பியதாகவும் கேள்விப்பட்டேன். அவர் ஜூன் பதினைந்தாம் தேதி மறுபடி வருவார். அதற்குள் சாவியும் கிடைக்க வேண்டும், தரையும் சமமாக வேண்டும்.

ஓதில் உன்னை விசாரித்தாள்.

எவரிஸ்த்


வெரான்ஸ்
6 ஜூன் 1973

அன்புள்ள அண்ணா,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சாவி கிடைத்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ரோமானியர் விழா. உனக்குத் தெரிந்ததுதான்: கசாப்புக் கடைக்காரர் சீசராக வந்தார், மேயர் ப்ருனேல் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு பழைய நாடக அரங்கின் படியில் நின்று பேசினார். அந்த விரிப்பில் நகராட்சி மருத்துவமனையின் முத்திரை முதுகுப்பக்கம் தெரிந்தது. வருடா வருடம் பேசுவதையே இந்த வருடமும் பேசினார்: "இந்த மண்ணுலேர்ந்து இன்னும் ஒரே ஒரு கல்லு வெளிய வரட்டும்! மண்டி போட்டு முத்தம் குடுப்பேன்!" கூட்டம் கை தட்டியது. கைதட்டியவர்களில் பாதிப் பேரின் வீட்டுத் தரை பதிஸ்தன் போட்டது.

நான் மேடைக்குப் போனேன்.

"மேயரய்யா, அப்படின்னா எங்க வீட்டுக்கு வாங்க."

"எதுக்கு, மத்மசேல் லியோந்தின்?"

"முத்தம் குடுக்க."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சீசர் சீட்டியடித்தார்.

"கல்லுக்குங்க. எங்க நிலவறை முழுக்க ரோமானியர் தரை. கல்லுல வரைஞ்ச படம், கடல்தெய்வத்தோட. கண்டுபிடிச்சா மேயர்கிட்ட சொல்லணும்னு சட்டமாம். சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. ரோமாபுரி விழுந்த அன்றுகூட இவ்வளவு அமைதி இருந்திருக்காது. மேயர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கீழ எறங்கு. நாளைக்கு ஆபீசுல பேசிக்கலாம்."

"நான் என்னத்தக் கண்டேன்? எங்கண்ணன் சொல்றார். பாரிஸ்ல சங்கத் தலைவர்" என்று உன் உரையைத் தூக்கிக் காட்டினேன். முகப்புப் படம் எல்லோருக்கும் தெரியும்படி காட்டினேன். செய்தித்தாள் நிருபர் கீழே உட்கார்ந்து பன்றி இறைச்சி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அதைப் பையில் போட்டுவிட்டு உன் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தாய், காரை பூசுதல் பற்றிய பகுதியை முழுவதும் கேட்டு வாங்கினார்.

பிறகு ஊர்வலமாக எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். மேயருக்கு வேறு வழியில்லை; சொன்ன வாய். விரிப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரிமேல் மண்டியிட்டு முத்தம் கொடுத்தார். படம் செய்தித்தாளில் வந்திருக்கிறது. மீசையில் கரி இருப்பதால் முகபாவம் சரியாகத் தெரியவில்லை. படத்துக்குக் கீழே போட்டிருப்பது உன் பெயர்தான்: ‘பரம்பரை வீட்டை நாட்டுக்காகத் திறந்துவிட்ட பாரிஸ் அறிஞர்.’

கர்ராஸ் தந்தி அடித்திருக்கிறார். அவருக்கு இப்போது வேறு ஊர் பிடித்திருக்கிறதாம்.

வெண்ணெயைக் குறைத்துக்கொள்.

உன் தங்கை,
லியோந்தின்


பாரிஸ்
9 ஜூன் 1973

லியோந்தின்!

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்; உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் எழுதிக் கொடுத்ததற்கு நேர் எதிராக, என் பெயராலேயே, ஒரு கசாப்புக்காரன் முன்னால் என் சொத்தைக் காற்றில் விட்டிருக்கிறாய். அந்த ஊரின் சேறு உன் மூளைக்கு ஏறிவிட்டது. நாளையே என் வழக்கறிஞர் மேயருக்கு எழுதுவார்: எனக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் தங்கை மனநிலை சரியில்லாதவள், அந்தத் தரையைப் பற்றி நான் இதுவரை கேள்விப்பட்டதே

தபால்காரர் மணியடித்ததால் இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. அமைச்சகத்திலிருந்து ஒரு கடிதம். அமைச்சரே கையெழுத்திட்டிருக்கிறார். ‘தங்களைப் போன்ற தியாகிகள் அருகிவரும் காலத்தில்’ என்று தொடங்குகிறது. ஆயரும் தொலைபேசியில் பாராட்டினார். ஏதோ ஒரு பதக்கத்துக்கு என் பெயர் பரிந்துரைக்கப்படுகிறதாம்.

அன்புள்ள தங்கையே, ஆழ்ந்து யோசிக்கையில், நாம் எடுத்த முடிவு சரியானதே. நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்ததை நீ உன் எளிய வழியில் நிறைவேற்றியிருக்கிறாய். மேலே எழுதிய பத்தியைப் படிக்க வேண்டாம். நல்ல தாள் விலை ஏறிவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை.

செய்தித்தாளில் பத்துப் பிரதிகள் அனுப்பு.

பாசமுள்ள அண்ணன்,
எவரிஸ்த்


வெரான்ஸ்
20 செப்டம்பர் 1973

அன்புள்ள அண்ணா,

பதக்கச் செய்தி அறிந்து மகிழ்ச்சி. உன் கல்லீரலுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். என் முழங்கால் இப்போது இறங்கும்போதும் பேசத் தொடங்கிவிட்டது.

என் முழங்காலைத் தவிர இங்கே வேறு யாரும் என்னோடு பேசுவதில்லை. லியோனிலிருந்து வந்தவர்கள் நம் நிலவறையோடு நிற்கவில்லை. தரை பக்கத்து வீட்டுக்குள்ளும் போகிறது என்றார்கள். பக்கத்து வீட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து ஒரு சுவர் தெருவைக் கடக்கிறது என்றார்கள், தெருவைக் கடந்தார்கள். இப்போது தெருவில் பாதி வீட்டில் நூல் கட்டி, மண்ணைச் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். மேயரின் கார் வெளியேதான் நிற்கிறது. கொலோம்ப் அம்மாளின் அடுப்பைப் பிரித்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் சுட்டு எடுத்துவந்து விற்கிறாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

"ஒரு ரொட்டி குடுங்க."

"தீந்துபோச்சு."

"பின்னாடி அடுக்கி வெச்சிருக்கே?"

"அது மனுஷங்களுக்கு."

பதிஸ்தன் ஒருவர்தான் வீட்டுக்கு வந்து போகிறார். அவருக்கு ஊரில் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதிகாரிகள் அவரையே கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். அவர் போட்ட சிமெண்டை அவரைவிட வேகமாக யாராலும் உடைக்க முடியவில்லையாம். "நல்லாத்தான் போட்டிருக்கேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் வருத்தப்படுகிறார்.

இப்போது முக்கியமான விஷயம். நம் வீட்டை நகராட்சி வாங்கி அருங்காட்சியகமாக்கப் போகிறதாம். கர்ராஸ் சொன்ன விலை வராது. தியாகி என்று அச்சிட்டபின் உன்னால் பேரம் பேசவும் முடியாது. மேயர் நேரில் வந்தார்.

"உங்களுக்குக் கன்னியாஸ்திரீ மடத்துல ஒரு ரூம் பேசிட்டேன், மத்மசேல்."

"எங்கண்ணனும் பேசிட்டார். ரெண்டு ரூம்ல நான் ஒருத்தி எப்படிப் படுக்கறது?"

பத்திரம் எழுதுகிறவர் நோட்டரி சபாத்தியே. என் தரப்பில் ஏதாவது நிபந்தனை உண்டா என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். மேயர் படித்துப் பார்த்து, "இதுக்கு வேற எவன் வருவான்?" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். பத்திரம் உனக்கு வரும். இரண்டு பக்கம்தான். இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்திடு என்று சபாத்தியே சொல்லச் சொன்னார்.

வாசல் சுவரில் ஒரு கல்வெட்டு வைக்கிறார்கள். வாசகத்தை லத்தீனில் நீயே எழுதித் தர வேண்டும் என்கிறார்கள்.

உன் தங்கை,
லியோந்தின்


பாரிஸ்
18 நவம்பர் 1973

அன்புள்ள லியோந்தின்,

நலம். ஊர் உன்னோடு பேசவில்லை என்று எழுதியிருந்தாய். வாழ்த்துகள்.

கல்வெட்டு வாசகம் இத்துடன். இரண்டு மாதம் இதிலேயே கழிந்தது. முதல் வடிவம் அடக்கமாக இருந்தது. ஆயர் அதைக் குறையென்றார். இரண்டாவதில் மேயரின் பெயர் வந்தது. அதை நானே நீக்கினேன். இப்போது இருப்பதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்று கல்தச்சரிடம் சொல். அச்சுப் பிழை என்றால் திருத்தலாம். கல்லில் பிழை என்றால் இரண்டாயிரம் வருடம் சிரிப்பார்கள்.

பத்திரமும் இத்துடன், கையெழுத்திட்டு. படிக்கவில்லை. நோட்டரிகளின் மொழியைப் படித்தால் என் நடை கெட்டுவிடும்.

இனி ஏற்பாடுகள். நீ மடத்துக்குப் போனதும், ஆற்றைப் பார்த்த மாடி அறையை என் கோடைகாலப் படிப்பறையாக வைத்துக்கொள்வேன். நன்கொடையாளர் என்ற முறையில் நகராட்சி மறுக்காது, கேட்கவும் தேவையில்லை. உன் கட்டிலை எடுத்துவிடு, அங்கே மேசை வரும். வேனிற்காலத்தில் சங்கத்து நண்பர்கள் ஐவரை அழைத்துவந்து என் தரையைக் காட்டுவதாக வாக்களித்திருக்கிறேன்.

மடத்தலைவிக்கு எழுதிவிட்டேன். ஏப்ரலில் அறை காலியாகும். ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறாராம்.

அன்புடன்,
எவரிஸ்த்


வெரான்ஸ்
25 ஏப்ரல் 1974

அன்புள்ள அண்ணா,

திறப்பு விழாவுக்குக் கிளம்பும் நாளில் கல்லீரல் படுக்கவைத்துவிட்டதாக ஓதில் எழுதியிருந்தாள். இப்போது தேவலையா? நீ பெரிதாக எதையும் தவறவிடவில்லை. ‘முப்பது வருடம் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்’ என்று மேயர் அழுதார். அமைச்சர் வரவில்லை, அவருக்குப் பதில் வந்தவர், ஊர்ப் பெயரை ஆற்றுக்கு வைத்தும் ஆற்றின் பெயரை ஊருக்கு வைத்தும் பேசினார். இலவசத் திராட்சை மதுவுக்கு ஊரே வந்திருந்தது. குடித்துவிட்டு என்னோடு பேசாமல் போய்விட்டது.

உன் கல்வெட்டு நன்றாக இருக்கிறது. உன் பெயரை ரோமானிய முறையில் செதுக்கியிருக்கிறார்கள். பாதிரியார் ஒருவருக்குத்தான் லத்தீன் தெரியும். அவர் படித்துவிட்டு வெகுநேரம் இருமினார். பள்ளிக்கூட ஆசிரியை பிள்ளைகளிடம், இவர் இந்த ஊரில் இறந்துபோன ரோமானியத் தளபதி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கிடவில்லை.

மடத்தில் படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடமாடுகிறாராம். எனக்காகத் தலைவி வருத்தம் தெரிவித்தார்.

அருங்காட்சியகத்துக்குக் காவலாளி போட்டாகிவிட்டது. தொப்பி சற்றுப் பெரிது. திறக்கும் நாள், நேரம் எல்லாம் கதவில் ஒட்டியிருக்கிறது. நண்பர்களோடு வருவதாக இருந்தால் முன்பே ஒரு வரி எழுது.

உன் தங்கை,
லியோந்தின்


வெரான்ஸ், ரயிலடி ஓட்டல்
11 ஜூன் 1974, பிற்பகல்

லியோந்தின்,

எனக்கு உடம்பு சரியில்லை. அதற்குக் காரணம் நீ.

இரண்டு நீதிபதிகள், ஓர் ஆயர், இரண்டு பேராசிரியர்கள். இவர்களை முதல் வகுப்பில் அழைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து வந்தேன். என் பெயர் செதுக்கிய சுவருக்குக் கீழே, உச்சி வெயிலில், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் என் மாடியின் தெருச் சன்னலில், நகராட்சித் தொப்பி அணிந்துகொண்டு, நீ பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாய்! நடந்ததை நீ மறுக்க முடியாது என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்.

"கதவைத் திற!" என்றேன்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. விடுமுறை."

"நான் உன் அண்ணன்!"

"அண்ணனுக்கும் இன்னிக்குச் செவ்வாய்தான்."

"ஆயர் நிக்கிறார், தெரியுதா?"

"தெரியுது. அவருக்கு ஞாயித்துக்கிழமை விடுமுறை கிடையாது, பாவம். எனக்குச் செவ்வாய் உண்டு."

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்த ரொட்டிக்காரி நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கசாப்புக்காரன், "தளபதி வந்துட்டார், ஆனா படை உள்ள போகல" என்று கத்தினான். பேராசிரியர்களில் ஒருவர் சிரித்ததை நான் கவனித்தேன். ஆயர் நிழல் தேடிப் போனார். அவரை இன்னும் காணவில்லை.

உனக்குச் சொந்தமில்லாத வீட்டில் நீ என்ன செய்கிறாய்? உடனே சாவியைக் கொடுத்தனுப்பு.

எவரிஸ்த்


வெரான்ஸ்
11 ஜூன் 1974, மாலை

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உனக்கு வெயில் ஆகாது. சோம்புத் தண்ணீராவது குடி. ஆயர் பத்திரமாக இருக்கிறார். பாதிரியார் வீட்டில் தூங்குகிறார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பதிஸ்தன் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். இங்கே சாப்பாடு ஆறிவிடும்.

வீடு எனக்குச் சொந்தமில்லை என்பது சரி. உனக்கும் இல்லை. பத்திரத்தின் முதல் பக்கம் அதைச் சொல்கிறது. இரண்டாம் பக்கம் மற்றதைச் சொல்கிறது: அருங்காட்சியகத்தின் காவலாளி உயிரோடு இருக்கும்வரை மாடி முழுவதும் அவளுடைய குடியிருப்பு, சாவி அவளிடம் மட்டுமே இருக்கும், விற்றவர்களில் மற்றவருக்கு எந்த அறையிலும் எந்தக் காலத்திலும் உரிமை இல்லை. காவலாளியின் பெயர் அங்கேயே எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே நீ அழகாகக் கையெழுத்திட்டிருக்கிறாய். என் பாதி வீட்டை நான் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு பத்திக்காகத்தான். நீ உன் பாதியை விட்டுக்கொடுத்தது எதற்காக என்பதை வாசல் சுவரில் யாரும் படித்துக்கொள்ளலாம், லத்தீன் தெரிந்தால்.

சாவியைத் தர முடியாது. கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு விஷயத்துக்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், உண்மையாகவே சொல்கிறேன். நீங்கள் ஐந்து பேரும் ஓட்டலுக்குத் திரும்பிய பிறகு கொலோம்ப் அம்மாள் நாற்காலியை மடக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். ஒரு வருடமாக இந்தப் பக்கம் திரும்பாதவள். சன்னலுக்குக் கீழே நின்றாள்.

"அடுப்பைப் பிரிச்சதுக்கு உன்னை நான் மன்னிக்கல, தெரிஞ்சுக்கோ."

"தெரியும்."

"ஆனா பாரிஸ்காரங்களை வெயில்ல நிக்க வெச்சது நல்லா இருந்துச்சு. அடுத்த செவ்வாயும் வருவாங்களா?"

எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன்.

இல்லாவிட்டால் நாளை புதன். பத்து மணிக்குத் திறப்பேன். சங்கத்தினருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. உறுப்பினர் அட்டையைக் காட்ட வேண்டும். தரைமேல் நடக்கக் கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கல்வெட்டைப் பார்க்க மட்டும் சீட்டு வேண்டாம். அது வெளியே இருக்கிறது.

ஓதிலுக்கு என் அன்பு. அவள் தனியாக வந்தால் செவ்வாயிலும் திறப்பேன்.

உன் தங்கை,
லியோந்தின்